இறைத்த கிணறு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லையென்பது பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. நாமும் அதனைப் புவியியற் புத்தகத்திலே படித்தோம், பரீட்சைத்தாளில் எழுதினோம், பின்னர் மறந்தும்விட்டோம். அந்த ஒரு வாக்கியத்தினுள் எத்துணைப் பெரிய கணக்கு அடங்கியிருக்கின்றதென்பது, சென்ற ஆவணி மாதத்தில் மூன்று நாட்கள் மிதிவண்டியில் அலைந்த பின்னரே எமக்கு விளங்கிற்று.

பயணத்துக்குக் காரணமாய் இருந்தவன் எம் மருமகன். உயர்தர வகுப்பிலே பொருளியல் படிப்பவன். 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்தும் நிலையில் நாடு இல்லையென அரசாங்கம் அறிவித்த நாள்தொட்டு, 'வளர்ச்சி' என்னுஞ் சொல் எம் வீடுகளிலே அரிசி, பருப்பு என்பனபோலப் புழங்கத் தொடங்கிவிட்டதன்றோ? இவ்வாண்டு எத்தனை வீதம், அடுத்த ஆண்டு எத்தனை வீதம் என்று பெரியோர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, ஒருநாள் இரவு உணவு முடிந்ததும் ஒரு தாளிலே கணக்குப் போட்டுக் காட்டினான். ஆண்டுதோறும் நூற்றுக்கு ஐந்து வீதம் வளரும் பொருளாதாரம் ஏறக்குறைய 14 ஆண்டுகளில் இரட்டிக்கும்; 70 ஆண்டுகளில் முப்பது மடங்காகும்.

"அதற்குப் பிறகும் வளரத்தானே வேண்டும் என்கிறார்கள், மாமா? முப்பது மடங்கு மண்ணும் மரமும் தண்ணீரும் எங்கேயிருந்து வரும்?" என்று கேட்டான்.

எம்மிடம் விடை இருக்கவில்லை. எம் துணைவியார்தாம், "விடையைக் கொழும்பிலிருந்து தேடுவானேன்? நீர்வேலிக்குப் போவோம். சின்னையாவின் கிணற்றை இவன் பார்க்கட்டும்" என்றார். இவ்வண்ணமாக நாம் மூவரும் யாழ்தேவியில் ஏறினோம். 1990ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணம்வரை ஓடாதிருந்து, 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் மீண்டும் ஓடத் தொடங்கிய புகையிரதம் அது. ஆனையிறவைக் கடக்கும்போது இருபுறமும் உவர்நீர் வெள்ளித் தகடாய்க் கிடந்தது. குடிநீருக்கு ஏங்கும் நிலத்தினுள் நுழைவோரை முதன்முதல் உப்பு வரவேற்பது பொருத்தமே என்று எண்ணிக்கொண்டோம்.

நீர்வேலி வாழைக்குப் பேர்போன ஊர். நல்லூர்த் திருவிழாவின் சனநெருக்கத்தைக் கடந்து, இருபாலை, கோப்பாய் வழியாகப் பருத்தித்துறை வீதியிலே சென்றால், செம்பாட்டு மண்ணும் பச்சை வாழைத் தோட்டங்களும் கண்ணை நிறைக்கும். மழையோ பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழிவரைதான். எஞ்சிய மாதங்களிலே இவ்வளவு பச்சையையும் காப்பாற்றுவது கிணறு ஒன்றே.

அந்தக் கிணற்றின் அடியில் நிகழ்வதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். பெய்த மழை மண்ணை ஊடுருவி, அக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் சென்று தங்குகின்றது. சுற்றிலும் கடல், கீழேயும் கடல்நீர். நன்னீர் உவர்நீரினும் பாரங் குறைந்ததாதலால் அதன்மேல் மிதக்கின்றது. மூக்குக்கண்ணாடியின் வில்லையைப்போல, நடுவிலே தடித்தும் கரையோரத்திலே மெலிந்தும் இருக்கும் அந்த நன்னீர்ப் படையே குடாநாட்டு மக்களின் முதல். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு அது நிற்கும் என்பது நீரியலாளர் கண்ட விதி. விதியைத் திருப்பிப் பார்த்தால் நெஞ்சு துணுக்குறும். மேலே ஓரடி குறைந்தால், கீழேயிருந்து 40 அடி உப்பு ஏறுவதற்கு வழி திறக்கின்றது.

சின்னையாவுக்கு இந்த விதியின் பெயர் தெரியாது. ஆனால் அவருடைய கிணற்றிலே ஒரு கல் உண்டு. கிணற்றின் உட்சுவரிலே, ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரிய கல். அவருடைய பாட்டனாரும் சகோதரரும் சேர்ந்து வெட்டிய கிணறு. இப்பொழுது ஐந்து பங்கு. காணி உறுதியிலே கிணற்றிற் பங்கும், வழியும், வாய்க்காலும் முறைப்படி எழுதப்பட்டிருக்கின்றன. யார் எந்த நாள், எத்தனை மணிநேரம் இறைப்பது என்பது 'முறை'. எழுதப்படாத விதி ஒன்றும் இருக்கின்றது. நீர் இறங்கி அந்தக் கல் தெரிந்துவிட்டால், எவருடைய முறையாயினும் இறைப்பை நிறுத்திவிட வேண்டும்.

"ஏன் அப்பு, கல்லுக்குக் கீழேயும் தண்ணீர் இருக்கிறதுதானே?" என்று மருமகன் கேட்டான்.

"இருக்குது மோனை. ஆனால் அது எங்கட தண்ணியில்லை. வாற வருசத்தின்ர தண்ணி" என்றார் சின்னையா.

பழங்காலத்திலே இந்த விதி அவ்வளவாகத் தேவைப்படவில்லையாம். துலா மிதித்து இறைத்த காலம் அது. ஆடுகாலிலே பொருத்திய நீண்ட துலாவின்மீது இருவர் முன்னும் பின்னுமாய் நடக்க, ஒருவர் கீழே நின்று பட்டை பிடிக்க, இன்னொருவர் தோட்டத்திலே பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிடுவார். விடியற்காலையிலே தொடங்கினால் வெயில் ஏறும்போது மனிதர் களைத்துவிடுவர். அவர்கள் களைக்குமுன் கிணறு களைத்ததில்லை. 'இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்' என்னும் பழமொழியை எம் முன்னோர் சொல்லி வைத்தது இந்த அநுபவத்தினால்தான். முயற்சியைத் தூண்டுவதற்காக நாம் பாடசாலைகளிலே இன்றும் அதனைச் சொல்லிக் கொடுக்கின்றோம். பழமொழி பொய்யன்று. ஆனால் அதனைச் சொன்னவர்கள் மனிதனுடைய கால்களால் இறைத்தவர்கள்.

1950களிலிருந்து மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வரலாயின. நான்கு பேர் அரைநாள் பட்ட பாட்டை ஒருவர் சிறிது நேரத்திலே முடித்தார். அந்த உடலுழைப்பிலிருந்து மக்கள் விடுபட்டதைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. துலாவிலிருந்து விழுந்து காலொடிந்தவர்களின் கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. பின்னர், 1970ஆம் ஆண்டு முதல் 1977ஆம் ஆண்டுவரை வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வலிகாமத்துக் கமக்காரர் கையிலே முன்னொருபோதும் காணாத பணம் புழங்கியது. கல்வீடுகள் எழுந்தன. பிள்ளைகள் மேற்படிப்புக்குச் சென்றார்கள். அவ்வளர்ச்சி மெய்யான வளர்ச்சியே. 1977இல் சந்தை திறக்கப்பட்டு வெளிநாட்டு வெங்காயம் வந்து விலை விழுந்ததும், அதே வருமானத்தைப் பெறுவதற்குக் கூடிய விளைவும், கூடிய விளைவுக்குக் கூடிய உரமும் நீரும் வேண்டியதாயிற்று. ஓடத் தொடங்கியவர்கள் நின்ற இடத்திலேயே நிற்பதற்கும் ஓடவேண்டியிருந்தது.

அந்த ஓட்டத்தின் இன்றைய முகத்தை மறுநாட் காலையிலே கண்டோம். ஐந்து பங்கில் ஒன்றுக்கு உரியவர் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர். உறிஞ்சு குழாயை இன்னும் இரண்டு முழம் இறக்கவேண்டும் என்பது அவர் கட்சி. சின்னையாவுக்கும் அவருக்கும் இதுபற்றி ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை. நாம் அவரைப் பேராசைக்காரர் என்று எண்ணிக்கொண்டுதான் போனோம். அவர் கிணற்றுக் கட்டிலே அமர்ந்து, தம் வரவு செலவைச் சொல்லத் தொடங்கியதும் வெட்கப்பட்டோம். இயந்திரம் கடன், உரமும் மருந்தும் கடையிலே கடன், மனைவி எடுத்த நுண்கடனுக்குக் கிழமைதோறும் தவணை. "ஐயா, போன வருசத்தைவிட இந்த வருசம் கூட விளைஞ்சால்தான் நான் போன வருசம் இருந்த இடத்தில இருப்பன். வட்டி அப்பிடி. நீங்கள் போதும் எண்டு சொல்லலாம். நான் சொன்னால் தவணைக்காரன் படலையில நிப்பான்" என்றார்.

முடிவில்லாத வளர்ச்சி ஏன் தேவைப்படுகின்றதென்பதற்கு இதனினும் தெளிவான விளக்கத்தை நாம் எந்நூலிலும் படித்ததில்லை. நாடு வாங்கிய கடனுக்கும் நாடு இப்படித்தானே ஓடுகின்றது? ஆகவே 'குறைவாக நுகருங்கள்' என்று பொதுமக்களுக்கு உபதேசிப்பதனால் மட்டும் இது தீராது. கடனின் தன்மையை மாற்றல் வேண்டும். வடபகுதியிலே ஊர்தோறும் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கங்கள் இருந்தன. சில இன்றும் இருக்கின்றன. உறுப்பினரின் சேமிப்பே உறுப்பினருக்குக் கடன். வட்டி வெளியூருக்குப் போவதில்லை. மழை பொய்த்தால் தவணையைத் தள்ளிவைப்பதற்கு முகம் பார்த்துப் பேசலாம். பெரிய வங்கியிலே நிலையான வைப்பு வைத்திருக்கும் நாம், அதில் ஒரு பகுதியை இத்தகைய சங்கத்திலே இட்டால் என்ன என்று துணைவியார் அன்றிரவு கேட்டார். அதற்கும் எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. அடுத்த மாதமே இட்டோம் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கின்றோம்.

நீர்வேலியிலிருந்து வடக்கே, புத்தூருக்கு அண்மையிலுள்ள நவக்கிரியிலே நிலாவரைக் கிணறு இருக்கின்றது. இராமபிரான் வானரங்களின் தாகந் தீர்க்க அம்பெய்து உண்டாக்கினார் என்பது கதை. இங்கே போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையிலே மிதக்குமென்றும் சொல்வர். அடியற்ற கிணறு என்பது ஊர்வழக்கு. பசுநீல நிறத்திலே அசையாது கிடக்கும் அந்நீரை எட்டிப்பார்க்கும் எவருக்கும், எவ்வளவு இறைத்தாலும் குறையாது என்னும் எண்ணமே தோன்றும். ஆனால் ஆழம் செல்லச் செல்ல நீர் உவர்க்கின்றதென்று அளந்தவர்கள் கூறுகின்றனர். அடியில்லாதது உண்மையில் உப்புத்தான். சுற்றுலா வந்த பாடசாலைப் பிள்ளைகள் குளிர்பான வெறும் போத்தல்களைக் கிணற்றோரத்திலே விட்டுச் சென்றிருந்தனர். மருமகன் முணுமுணுத்தபடி அவற்றைப் பொறுக்கினான்.

அங்கிருந்து மேற்கே சுன்னாகம். இவ்வூரைப்பற்றி எழுதுவது எமக்கு எளிதன்று. அனல் மின்னுற்பத்தி நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளிலே எண்ணெய் மிதப்பதை மக்கள் கண்டு கலங்கிய காலம் பலருக்கு நினைவிருக்கும். பரம்பரை பரம்பரையாகக் குடித்த நீரை விட்டு, தாங்கி வண்டி கொண்டுவரும் நீருக்காகக் குடங்களுடன் நின்றார்கள். சூழலியல் ஆர்வலர் ஒருவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கிலே, 2019ஆம் ஆண்டு ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு மின்னுற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. சாதாரண குடிமக்கள் சட்டப்புத்தகத்தைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மருமகனுடைய பாடத்தோடு இதனைப் பொருத்திப் பார்ப்போம். விற்ற மின்சாரம் மொத்த உள்நாட்டு உற்பத்தியிலே சேரும். தாங்கி வண்டியின் வாடகை சேரும். கடையிலே வாங்கிய போத்தல் தண்ணீர் சேரும். வழக்கறிஞரின் ஊதியமும் சேரும். கெட்டுப்போன கிணறு மட்டும் எந்த நிரலிலும் கழிக்கப்படுவதில்லை. அது இலவசமாய் இருந்தபோது ஒருவரும் அதனைக் கணக்கில் எழுதவில்லையாதலால், இழந்தபோதும் எழுதப்படவில்லை. நாட்டு வருமானத்தை அளக்கும் முறையை வகுப்பதிலே முன்னின்ற பொருளியலறிஞர் சைமன் குஸ்னெற்ஸ், 1934ஆம் ஆண்டிலேயே, இவ்வளவைக் கொண்டு ஒரு மக்களின் நல்வாழ்வை மதிப்பிட இயலாதென எச்சரித்தார். எச்சரிக்கையை விட்டுவிட்டு அளவுகோலை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது.

கணக்கு என்றதும் இன்னொருவரையும் நினைவுகூரவேண்டும். 1892ஆம் ஆண்டு தஞ்சாவூரிலே பிறந்த ஜே. சி. குமரப்பா, கணக்காய்வாளராய் இலண்டனிலே பயின்றவர். பின்னர் காந்தியடிகளோடு சேர்ந்தவர். 1945இல் சிறையிலிருந்தபடி 'நிலைத்த பொருளாதாரம்' பற்றி ஆங்கிலத்திலே நூலெழுதினார். தோண்டத் தோண்டக் குறையும் சேமக் களஞ்சியத்தைத் தின்று வாழும் பொருளாதாரம் ஒன்று. ஆண்டுதோறும் புதுப்பித்து வரும் ஓட்டத்தைக்கொண்டு வாழும் பொருளாதாரம் மற்றொன்று என அவர் பிரித்தார். எம் சின்னையாவின் கரிய கல் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லைக்கல் என்றே எமக்குத் தோன்றிற்று. கல்லுக்கு மேலே ஓட்டம், கீழே களஞ்சியம்.

கணக்கிலே வராத கேடு இன்னொன்றும் உண்டு. செறிவாகப் பயிர்செய்யும் தோட்டப் பகுதிகளிலே, இரசாயன உரத்தின் நைத்திரேற்று மண் வழியாகக் கிணற்றுக்கு இறங்குகின்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றிலே அது மீறப்பட்டிருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு இது ஆபத்து. இதற்கு மருந்தாக 2021ஆம் ஆண்டில் ஒரே வர்த்தமானியால் இரசாயன உரத்தின் இறக்குமதியை நிறுத்தி, அதே ஆண்டிலே அதனைத் திரும்பப் பெற்றதும் எல்லோரும் அறிந்ததே. பழக்கத்தை மாற்றப் பல போகங்கள் வேண்டியிருக்கும் கமக்காரருக்கு ஒரு போகமும் கொடுக்கப்படவில்லை. நல்ல நோக்கத்தின்மீது மக்களுக்கு வெறுப்பு உண்டாக்குவதற்கு அதனினும் சிறந்த வழி கிடையாது.

பிற்பகலிலே கந்தரோடையின் சின்னஞ்சிறு தூபிகளை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, வழுக்கையாற்றின் வரண்ட படுகையைக் கடந்தோம். மாரியில் மட்டும் ஓடும் சிற்றாறு அது. வழியிலே ஒரு குளம். குடாநாட்டிலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கின்றனர். மழைநீரைத் தடுத்து நிலத்தினுள் இறக்கும் வாய்கள் அவை. பல தூர்ந்தும், குப்பை நிரம்பியும், சில மதிலுக்குள் அகப்பட்டும் போயின. இந்தக் குளத்தையோ ஊர்ச் சனசமூக நிலையத்தார் சனிக்கிழமைதோறும் தூர் வாரிக்கொண்டிருந்தனர். எல்லையை அளந்து கல் நாட்டித் தரும்படி பிரதேச சபைக்கு எழுதிய கடிதங்களின் பிரதிகளை, ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை கோவையிலே கட்டி வைத்திருந்தார். தேர்தலுக்கு வந்த வேட்பாளர் ஒவ்வொருவரிடமும் வீதி எப்போது வரும் என்று கேட்காமல், குளம் எப்போது அளக்கப்படும் என்று கேட்டார்களாம். ஒருவர் திகைத்துப்போய்த் தேநீரைக் குடியாமலே எழுந்து சென்றாராம். கல் இப்பொழுது நாட்டப்பட்டிருக்கின்றது.

அச் சனசமூக நிலையத்திலே சற்று நேரம் இளைப்பாறினோம். இரண்டு மேசை, நான்கு வாங்கு, அன்றைய பத்திரிகைகள். ஒரு பத்திரிகையை ஓர் ஒழுங்கை முழுவதும் படிக்கின்றது. பின்னறையிலே ஏணி, மண்வெட்டி, அலவாங்கு, கலியாண வீட்டுக் கிடாரங்கள் எல்லாம் ஊருக்குப் பொதுவாய் இருக்கின்றன. கொப்பியிலே கையொப்பமிட்டு எடுத்துச் செல்லலாம். வீட்டுக்கு வீடு ஏணி வாங்கினால் நாட்டின் உற்பத்தி ஏறும். இங்கே ஓர் ஏணி எண்பது வீட்டுக்குப் போதுமாயிருக்கின்றது. விற்பனைப் பத்திரிகை எண்ணிக்கையைப்பற்றி இதே பக்கத்திலே நாம் கவலைப்படலாகாதென்பதற்காக இதற்குமேல் எழுதாது விடுகின்றோம்!

மூளாய்க்குச் சென்றபோது பொழுது சாய்ந்துவிட்டது. 1936ஆம் ஆண்டிலே கூட்டுறவு முறையில் நிறுவப்பட்ட வைத்தியசாலை அங்கே உண்டு. இலாபத்துக்காகவன்றி, உறுப்பினரின் தேவைக்காகவே எழுந்தது அது. வளர்ச்சியை எதிர்பார்த்திராது மக்கள் தம் தேவையை அளந்து ஒன்றைக் கட்டலாம் என்பதற்கு அதன் முகப்பே சாட்சி.

இவ்வளவும் எழுதியபின், வாசகர்களுள் ஒருசாரார், 'பழங்காலத்துக்குத் திரும்பச் சொல்கின்றீர்களோ?' எனக் கேட்கலாம். அந்தப் பழங்காலத்திலே எல்லோரும் கிணற்றுக் கட்டிலே ஏற முடிந்ததா என்பதை முதலிற் கேட்டுக்கொள்ளவேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினர் குடத்துடன் கிணற்றருகே காத்து நின்று, பிறர் வார்த்தால் மட்டுமே நீர் பெற்ற கொடுமை இதே மண்ணில் நடந்தது. கே. டானியல் 'தண்ணீர்' என்று ஒரு நாவலே எழுதினார். முறையும் பங்கும் உறுதியிலே பெயருள்ளவர்களுக்கு மட்டுமே இருந்தன. ஆதலின் 'போதும்' என்னுஞ் சொல்லை யார் யாருக்குச் சொல்வது என்பது முக்கியம். இரண்டு மாடி வீடும், வளவினுள்ளே ஆழ்துளைக் கிணறும் உடையவர், குழாயடியிலே நிற்பவரைப் பார்த்து அதனைச் சொல்வது அநீதி. தம்மைப் பார்த்துத் தாமே சொல்லலாம்.

வேறொரு மயக்கமும் உண்டு. 1990களின் முற்பகுதியிலே எரிபொருளும் சவர்க்காரமும் தடைசெய்யப்பட்டிருந்தபோது, யாழ்ப்பாணத்து மக்கள் ஜாம் போத்தலிலே விளக்கெரித்தனர். பனம்பழக் களியால் உடை தோய்த்தனர். மிதிவண்டியிலே நோயாளரைக் கொண்டு சென்றனர். 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோதும் மிதிவண்டிகள் வீதிக்கு வந்தன. இவற்றை எளிய வாழ்வின் வெற்றியாகக் கொண்டாடுவோரைக் கண்டால் எமக்குக் கோபம் வருகின்றது. மருந்தின்றி இறந்தவர்களை அவர்கள் மறந்துவிடுகின்றனர். தடையும் பஞ்சமும் பிறர் நம்மீது சுமத்தும் எல்லைகள். ஐவர் கூடி ஒரு கல்லைக் காட்டி, 'இதற்குக் கீழே வேண்டாம்' என்று உடன்படுவது முற்றிலும் வேறு.

இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தபோது, அவர்களைத் தன்னலக்காரர் என்று சிலர் பேசினர். அவர்களுக்கும் ஒரு கல் இருந்தது, அவ்வளவே. பின்னர் வடமராட்சி கிழக்கிலே தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டு ஓகஸ்டிலே திறக்கப்பட்டது. உவர்நீரையன்றி வேறு காணாத ஊர்களுக்கு அது தேவையே. அதனை நாம் மறுக்கவில்லை. எனினும் வானம் இலவசமாய்த் தருவதைக் குளத்திலே மறிக்காது கடலுக்கு விட்டு, அதே கடலிலிருந்து மின்சாரஞ் செலவழித்து மீட்டெடுக்கும் விந்தையை மருமகன் விடாது சொல்லிக்கொண்டே வந்தான்.

மூன்றாம் நாள் மாதகல் வழியாகக் கீரிமலை சென்றோம். கேணிக்கு ஒருபுறம் நகுலேசுவரம், மறுபுறம் கடல். வலிகாமத்தின் அடிக்கல்லினூடே ஊர்ந்து வந்த நன்னீர் அங்கே ஊற்றெடுத்து, கேணியை நிரப்பி, சிறிது தூரத்திலே கடலுடன் கலக்கின்றது. பிதிர்க்கடன் முடித்தவர்கள் நீராடிக்கொண்டிருந்தனர். நாமும் முழுகினோம். இங்கே நீர் பெருகி வழியும்வரையிலே உள்நாட்டுக் கிணறுகள் நலமாயிருக்கின்றன என்று கொள்ளலாம் என ஒரு பெரியவர் சொன்னார். வீணே கடலுக்குப் போவதாய்த் தோன்றும் அந்த நீர்தான், கடலை உள்ளே வரவிடாது தள்ளிக்கொண்டு நிற்கின்றதாம்.

புறப்படும் நாட்காலையிலே இயந்திரத்தின் ஓசை கேட்டு விழித்தோம். இளைஞருடைய முறை. நாம் கிணற்றடிக்குச் சென்றபோது சின்னையா ஏற்கெனவே வந்து, ஒன்றும் பேசாது வேலியோரத்துப் பூவரசின் கீழே நின்றுகொண்டிருந்தார். நீர் சிறிது சிறிதாக இறங்கிற்று. முதலில் ஈரமான ஒரு கருமை. பின்னர் கல்லின் முதுகு. பின்னர் கல் முழுவதும் தெரிந்தது. வெங்காயத்திலே ஏழு பாத்திகள் இன்னும் காய்ந்தபடியே கிடந்தன. இளைஞர் கல்லைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார், எம்மையும் பார்த்தார். எம்மைப் பார்க்காதிருந்தால் நலமாயிருக்குமே என்று நாம் கூசினோம். அவர் குனிந்து இயந்திரத்தை நிறுத்தினார்.

மூன்றாம் பங்குக்காரியான முதிய அம்மையார் படலையைத் திறந்துகொண்டு வந்தார். தலையிலே கடகம்.

"தம்பி, நாளைக்கு விடிய என்ர முறையில பாதியை நீ எடு. நான் இந்தப் போகம் மூண்டு பரப்பைச் சும்மா விட்டிட்டன்" என்றார்.

"ஏனணை விட்டனீங்கள்?"

"நிலமும் களைக்குமெல்லே" என்று சொல்லிவிட்டு, கடகத்தை இறக்கி, கிணற்றினுள்ளே எட்டிப்பார்த்தார். மருமகனும் பக்கத்திலே நின்று எட்டிப்பார்த்தான். நீர் ஊறுகிறதா என்று அவன் கேட்க, பேசாதே, காதைக் கொடு என்று அவர் கையால் சைகை காட்டினார்.